கொலையில் கணவரை இழந்தவருக்குக் காட்சிகள் தோன்றும்போது: அவருக்கும் கூட இருப்பவர்களுக்கும்

அத்தான் கொலை செய்யப்பட்ட பதினொன்றாம் நாள் இரவு அக்கா என்னை எழுப்பி, "அவர் படிக்கட்டுக்கிட்ட நிக்கிறார், போய்ப் பாரு" என்றாள். போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து "யாரும் இல்லக்கா, தூங்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை, நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் அந்த மூன்று மாதமும் அவள் தினமும் எதையெதையோ பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று பயந்துகொண்டும் இருந்திருக்கிறாள்.

நான் அன்று வேறு மாதிரி பேசியிருக்க வேண்டும். எப்படிப் பேசியிருக்கலாம், என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அவளோடு இருந்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். "நீங்கள்" என்று நான் சொல்வது பெரும்பாலும் கணவரை இழந்த அந்தப் பெண்ணைத்தான். கூட இருப்பவர்களுக்கானதை அங்கங்கே தனியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இறந்த கணவர் தெரிவதும், அவர் குரல் கேட்பதும், பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் தோன்றுவதும் மனநோய் என்று அர்த்தமில்லை. வேல்ஸில் டெவி ரீஸ் என்ற குடும்ப மருத்துவர் துணையை இழந்த 293 பேரிடம், அதில் 227 பேர் பெண்கள், நேரில் பேசி 1971-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு அனுபவம் இருந்தது. கூட இருப்பதுபோல் உணர்ந்தவர்கள் 39 சதவீதம், கண்ணால் பார்த்தவர்கள் 14 சதவீதம், குரல் கேட்டவர்கள் 13 சதவீதம். அவர்களில் பெரும்பாலானோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதே இல்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது. அந்த ஆய்வு கொலையில் இறந்தவர்களைப் பற்றியது இல்லைதான், கொலை என்றால் இதோடு வேறு பல விஷயங்களும் சேர்ந்துகொள்ளும், அதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம். ஆனால் "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடலாம்.

வருவது எது என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் "காட்சி" என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம். அக்காவுக்கு மூன்று வகை வந்தன, மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

ஒன்று, அவர் வருவது. பூட்டில் சாவி திரும்பும் சத்தம், அவர் உட்காரும் நாற்காலியில் ஒரு கணம் அவர் உருவம், கூட்டத்தில் அவர் முதுகு. வருஷக்கணக்கில் மாலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும் என்று பழகிய மூளை இப்போதும் ஆறு மணிக்கு அதை எதிர்பார்க்கிறது. ஒரு சின்னச் சத்தம் கிடைத்தால் மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இது உங்களைப் பயமுறுத்தவில்லை என்றால் எதுவுமே செய்ய வேண்டாம். பதில் பேசத் தோன்றினால் பேசுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

இரண்டாவது, கொலை கண்முன் வருவது. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

மூன்றாவது, தூக்கத்தின் ஓரத்தில் வருவது. கண் அயரும் நேரத்திலும் விழிக்கும் நேரத்திலும் கனவின் துண்டுகள் அறைக்குள் நிஜமாக நடப்பதுபோலத் தெரியும். சில நேரம் விழிப்பு வந்துவிடும், ஆனால் உடம்பு அசையாது, மார்பில் பாரம், அறையில் யாரோ நிற்கிறார்கள். அமுக்குவான் என்று சொல்வது இதைத்தான். கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடப்பது இயல்பு, அந்தத் தளர்வு நீங்குவதற்குள் விழிப்பு வந்துவிடுவதால் இப்படி ஆகிறது. சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடங்களுக்குள் போய்விடும். முழு உடம்பையும் உதற முயலாமல் ஒரு கால்விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுப்பது நல்லது. தூக்கம் கெடக் கெட இது கூடும், அதனால் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருப்பதுகூட இதற்கு மருந்துதான்.

எது எந்த வகை என்று தெரிய ஒரு சின்ன நோட்டு போதும். மணி, இடம், அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது, படுத்திருந்தீர்களா விழித்திருந்தீர்களா, பயமா ஆறுதலா. இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள், அதுவும் பகலில் எழுதுங்கள். இரவில் விரிவாக எழுத ஆரம்பித்தால் எழுத்தே அடுத்த காட்சியைக் கூட்டிவந்துவிடும்.

பயத்தை எல்லாம் பிரமை என்று ஒதுக்காதீர்கள்

இது கூட இருப்பவர்களுக்கு. கொலை செய்தவர் இன்னும் பிடிபடவில்லை என்றால், அல்லது ஜாமீனில் வெளியே இருக்கிறார் என்றால், "ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்கிறார்" என்று கணவரை இழந்தவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். முதலில் போய்ப் பாருங்கள். விளக்கைப் போட்டு, இரண்டு பேராகப் போய், ஒரே ஒரு முறை முழுசாகப் பார்த்துவிட்டு வாருங்கள். கதவு, தாழ்ப்பாள், வெளி விளக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். மிரட்டல் வந்தால், அல்லது யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால், விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துப் பாதுகாப்புக் கேளுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் பயம் போகவில்லை என்றால் அப்போது அது வேறு வகைப் பயம், அதற்குப் பத்து முறை கதவைச் சோதிப்பது உதவாது, ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் அது கொஞ்சம் வளரத்தான் செய்யும்.

நான் அன்று இரவு செய்த தவறு போய்ப் பார்த்தது இல்லை. "யாரும் இல்ல, தூங்கு" என்று பேச்சை முடித்ததுதான். இப்போதென்றால் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன பார்த்தே? எப்படி இருந்தார்? பயமா இருந்துச்சா?" என்று கேட்டிருப்பேன். அவ்வளவுதான் தேவை. "அது ஆவி" என்றும் சொல்ல வேண்டாம், "அது பிரமை" என்றும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இறந்தவரோடு பேசவைக்கிறேன், ஓட்டிவிடுகிறேன் என்று பணம் கேட்டு வருபவர்களை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள், இந்த நிலையில் இருக்கும் ஒருவர் எதை வேண்டுமானாலும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கொலை கண்முன் வருவது

நேரில் பார்த்தவர்களுக்கு இது வருவது எல்லோருக்கும் புரியும். நேரில் பார்க்காதவர்களுக்கும் வரும், இதுதான் பலருக்குத் தெரியாது. அக்கா அந்த இடத்திலேயே இல்லை, ஆனாலும் நடந்ததை அவள் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை பார்த்தாள். சியாட்டிலில் எட்வர்ட் ரைனர்சன் என்ற மனநல மருத்துவர் வன்முறையில் உறவை இழந்தவர்களோடு பல வருஷம் வேலை செய்து கவனித்தது இதைத்தான்: செய்தியில் வந்த ஒரு வரி, போலீஸ் சொன்ன ஒரு சொல், யாரோ காட்டிய ஒரு படம், இவற்றை வைத்து மனம் அந்தக் கடைசி நிமிடங்களைத் தானே கட்டி முடிக்கிறது, திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. அதில் நீங்களும் இருப்பீர்கள், காப்பாற்ற ஓடி வருபவராகவோ, வர முடியாமல் போனவராகவோ.

அதனால் முதல் வேலை, அந்தக் காட்சியில் தெரிந்த உண்மை எது, மனம் சேர்த்தது எது என்று பிரிப்பது. அக்காவின் காட்சியில் அத்தான் நெடுநேரம் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரிடம் நான் போய்க் கேட்டபோது, அடிபட்ட சில நொடிகளில் நினைவு போயிருக்கும் என்றார். அதை அவளிடம் சொன்ன பிறகு காட்சி நிற்கவில்லை, ஆனால் அந்தக் கூப்பிடும் குரல் மெல்ல மெல்லக் குறைந்தது. எல்லோருக்கும் பதில் இப்படி நல்லதாக அமையாது என்பதால், அறிக்கையையும் படங்களையும் முதலில் நீங்கள் நம்பும் ஒருவர் பார்க்கட்டும். பிறகு அவர் "என்னென்ன கேள்விக்குப் பதில் வேணும்?" என்று உங்களைக் கேட்கட்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். படங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் பகலில், இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். ஒரு முறை பார்த்ததைத் திரும்ப எடுத்துவிட முடியாது, அதனால் அவசரமே வேண்டாம்.

காட்சி வந்துவிட்ட அந்த நொடியில் என்ன செய்வது? "நினைக்காதே" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வது உதவாது, தள்ளத் தள்ள அது திரும்பி வரும். ஆங்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் உருவாக்கிய சிகிச்சை முறையில் ஒரு பயிற்சி இருக்கிறது, எனக்குத் தெரிந்து வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதுதான் மிகவும் பயன்பட்டது. எது தூண்டியது என்று கண்டுபிடித்து, அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அக்காவுக்குத் தூண்டியது பைக் ஒன்று மெதுவாகி நிற்கும் சத்தம். "அன்னைக்கு ராத்திரி, இப்ப பகல். அன்னைக்கு ரெண்டு பேர், இது பார்சல் கொண்டுவந்த பையன். அன்னைக்கு நான் வீட்ல தனியா இருந்தேன், இப்ப தங்கச்சி இருக்கா." ஒற்றுமையை மனம் தானாகவே கண்டுபிடிக்கும், வித்தியாசத்தை நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும். அதோடு கால்களைத் தரையில் அழுத்தி வைப்பது, முகத்தில் குளிர்ந்த தண்ணீர், கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்வது, இதெல்லாமும் உதவும்.

கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எமிலி ஹோம்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 2009-இல், கொடூரமான காட்சிகள் கொண்ட படத்தைப் பார்த்தவர்களில் அரை மணி நேரம் கழித்து டெட்ரிஸ் என்ற, மேலிருந்து விழும் கட்டங்களைப் பொருத்தி அடுக்கும் கணினி விளையாட்டை விளையாடியவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் குறைவாகத் திரும்பி வந்ததைக் காட்டியது. அது ஆய்வகத்தில் செய்தது, துக்கத்தில் இருப்பவர்களிடம் செய்ததில்லை. ஆனாலும் படங்களை ஓட்ட மனத்துக்கு இருக்கும் இடம் குறைவு, அந்த இடத்தை வேறு வடிவங்களால் நிரப்பினால் பழைய படம் மங்கும் என்ற யோசனை எளிமையானது. அக்கா ஜிக்சா அடுக்கினாள், பின்னல் போட்டாள். வெறுமனே டிவி பார்ப்பது அப்படி உதவவில்லை.

கெட்ட கனவுக்குத் தனியாக ஒரு வழி இருக்கிறது. பகலில் உட்கார்ந்து அந்தக் கனவைச் சுருக்கமாக எழுதி, நடுவில் எங்காவது அதை உங்கள் விருப்பப்படி மாற்றி, மாற்றிய கனவை மட்டும் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடி மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாரி கிராக்கோவ் குழுவினர் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்து, இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்ததாக 2001-இல் வெளியிட்டார்கள். மாற்றம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அக்கா தன் கனவில் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தாள். மிகக் கொடூரமான கனவு என்றால் அதை முதலில் எடுக்காதீர்கள், சின்னதில் தொடங்குங்கள், முடிந்தால் சிகிச்சையாளரோடு செய்யுங்கள்.

காட்சியில் தெரிந்த முகம் சாட்சியம் ஆகாது

ஒரு நாள் காலை அக்கா, "செஞ்சவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கனவுல முகத்தைத் திருப்பிக் காட்டினான்" என்று ஒரு பெயரைச் சொன்னாள். அவள் குரலில் துளி சந்தேகம் இல்லை. நினைவு என்பது திரும்பத் திரும்ப எடுத்துக் கட்டப்படும் ஒன்று, பிறகு கேட்டதும் கற்பனை செய்ததும் அதில் நிஜம்போலவே கலந்துவிடும் என்று எலிசபெத் லாஃப்டஸ் 1970-களிலிருந்தே பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பதை வைத்து அது உண்மையா என்று சொல்ல முடியாது.

அதனால் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் விழித்திருக்கும்போது நேரில் பார்த்ததையும் கேட்டதையும், முடிந்தவரை முதல் சில நாட்களுக்குள், தேதியோடு தனியாக எழுதி வைத்துவிடுங்கள். காட்சிகளுக்கான நோட்டு வேறு, இது வேறு, இரண்டையும் ஒருநாளும் கலக்காதீர்கள். கனவில் வந்த முகம் மனத்தை அரித்தால் அதிகாரியிடம் "இது கனவில் வந்தது" என்று சொல்லியே சொல்லுங்கள். நேரில் பார்த்ததாகச் சொல்லிவிட்டால், நீங்கள் உண்மையாகவே பார்த்த மற்ற விஷயங்களும் நீதிமன்றத்தில் நம்பப்படாமல் போகலாம். அந்தப் பெயரை அக்கம்பக்கத்திலோ இணையத்திலோ சொல்லவே கூடாது. கொலை வழக்கில் மனைவியையும் போலீஸ் துருவித் துருவிக் கேட்பது வழக்கம், அது உங்கள் மேல் தனிப்பட்ட சந்தேகம் என்று அர்த்தமில்லை, ஆனால் அந்த நாட்களில் காட்சிகள் கூடும் என்பதால் வக்கீல் ஒருவரையும் வெளியே காத்திருக்க உறவினர் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

மருத்துவரிடம்

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போங்கள்: "என்னோடு வந்துவிடு" என்று கூப்பிடுகிறார் என்றோ, உங்களையோ வேறு யாரையோ காயப்படுத்தச் சொல்லிக் குரல் கட்டளையிடுகிறது என்றோ இருந்தால், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், காட்சி போன பிறகும் அது நிஜமா இல்லையா என்று பிரிக்க முடியவில்லை என்றால், நாட்கணக்கில் தூங்காமல் இருந்தால், குடித்துக்கொண்டிருந்து திடீரென்று நிறுத்தியதும் காட்சிகள் தொடங்கினால். வயதானவருக்குக் காய்ச்சலோடு, குழப்பமான பேச்சோடு காட்சிகள் வந்தால் அது துக்கமாக இல்லாமல் உடல்நோயாக இருக்கலாம், காத்திருக்கவே கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் இருப்பவரைத் தனியாக விடாதீர்கள், கையில் கிடைக்கும் மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள், அவரிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

மற்றபடி கொலைக் காட்சிகள் ஒரு மாதத்துக்கு மேலும் அப்படியே தொடர்ந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கும் நேரம் வந்துவிட்டது. அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) செய்வீர்களா, கண்ணசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். செய்வீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள், உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பவை இவை. அதே அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு முதல் மாதத்தில் அதன் அறிகுறிகளுக்காக டயஸிபாம், லோரஸிபாம் போன்ற பதற்றம் தணிக்கும் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. வீட்டில் யாரோ வைத்திருக்கும் அந்த மாத்திரையைப் பாசத்தில் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். முதல் நாட்களில் நடந்ததை முழுசாகச் சொல் என்று வற்புறுத்துவதும் நல்லதில்லை, அவராகச் சொன்னால் கேளுங்கள்.

முதல் முறை போன மருத்துவர் அக்கா சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் இனி எங்கும் வரமாட்டேன் என்றாள். இரண்டாவது இடத்துக்கு அழைத்துப் போக எனக்கு ஐந்து வாரம் ஆனது. முதல் இடம் சரியில்லை என்றால் தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள்.

குழந்தைகளுக்கு

அம்மா வெற்றிடத்தைப் பார்த்துப் பேசுவதைக் குழந்தைகள் கவனிப்பார்கள், நாம் மறைத்தால் இன்னும் பயப்படுவார்கள். "அப்பா ஞாபகம் ரொம்ப பலமா வரும்போது அம்மாவுக்கு அவரைப் பார்க்கிற மாதிரியே இருக்கும், அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, உனக்கும் அப்படி வந்தா சொல்லு" என்று சொன்னால் போதும்.

அவரை அந்தக் கடைசி நிமிடத்திலிருந்து மீட்பது

கொலைக் காட்சி ஒரு கெட்ட காரியம் செய்கிறது. அத்தானோடு அக்கா வாழ்ந்தது பதினாறு வருஷம், ஆனால் அவரை நினைத்தாலே அந்தச் சில நிமிடங்கள்தான் வந்து நிற்கும். ரைனர்சன் தன்னிடம் வருபவர்களிடம் மரணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் இறந்தவரைப் பற்றித்தான் கேட்பார், அவர் எப்படிப்பட்டவர், எதற்குச் சிரிப்பார், உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று. நாங்களும் அப்படியே செய்தோம். தினமும் ஒருவர் வந்து அத்தானைப் பற்றி ஒரு சின்னச் சம்பவம் சொல்ல வேண்டும், சாவைப் பற்றி அந்த நேரத்தில் பேசக் கூடாது. அவருடைய வேலையிடத்து நண்பர் ஒருவர் சொன்னதில் அக்காவுக்கே தெரியாத விஷயங்கள் இருந்தன, அன்றுதான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள்.

இதற்குப் படங்களும் குரலும் வேண்டும். அவருடைய ஃபோனைப் போலீஸ் ஆதாரமாக எடுத்துப் போயிருக்கலாம், வழக்கு முடியும்வரை வராமலும் போகலாம். அதில் இருக்கும் குடும்பப் படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் நகல் தர முடியுமா என்று சீக்கிரமே எழுதிக் கேளுங்கள். உங்கள் ஃபோனில் இருக்கும் அவர் குரல் செய்திகளை இன்றைக்கே வேறு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அவர் சட்டைகளையும் பொருட்களையும் யாரும் உங்களைக் கேட்காமல் எடுத்துப்போக விடாதீர்கள்.

நீதிமன்றத் தேதி, நினைவு நாள், அவர் பிறந்த நாள், இவற்றை ஒட்டி எல்லாம் மறுபடி கிளம்பும். காலண்டரில் குறித்து வைத்து, அந்த வாரத்தில் இரவு கூட இருக்க ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

அப்புறம் ஒன்று, இதை யாரும் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை. கொலைக் காட்சிகள் குறைந்தபோது கூடவே அந்தச் சாவிச் சத்தமும் குறைந்தது. இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் மாலை அக்கா, "இப்பல்லாம் அவர் வர்றதில்லடி" என்று சொல்லி, முதல் மாதம் அழுததைவிட அதிகமாக அழுதாள். அப்படி ஒரு நாள் வந்தால் நல்லதுதானே என்று சமாதானம் சொல்லாதீர்கள். நான் அவருடைய குரல் செய்தி ஒன்றைப் போட்டேன், பதினான்கு நொடி, வர லேட்டாகும் என்று சொல்லும் சாதாரணச் செய்தி, அதை அவள் நான்கு முறை கேட்டாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.